நெற்றி வியர்வையும் கால் வியர்வையும்

வியர்வையைப் பாடாத முற்போக்குக் கவிஞர் நம்மிடையே எவரும் இல்லை. உழைப்பாளியின் நெற்றியில் அரும்பும் துளியை முத்தென்று பாடியாயிற்று, வைரமென்று பாடியாயிற்று, நாளைய உலகின் விதையென்றும் பாடியாயிற்று. மேடையில் அவ்வரிகளைக் கேட்டுக் கைதட்டுகிறோம். கூட்டம் முடிந்து பஸ் ஏறுகிறோம். வயலிலிருந்து வந்த ஒருவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, சேறு காய்ந்த காலைப் பாட்டாச் செருப்பிலிருந்து கழற்றி நீட்டுகிறார். நமது கை கைலேஞ்சியைத் தேடுகிறது. கண் காலியான வேறோர் இருக்கையைத் தேடுகிறது. முத்தெல்லாம் எங்கே போயின?

நம் இலக்கியத்தில் வியர்ப்பது எப்போதும் நெற்றிதான். கால் வியர்ப்பதே இல்லை. நெற்றி உயர்ந்த இடம், கால் தாழ்ந்த இடம் அல்லவா! மனித உடலை நான்காக வகுத்து, முகத்தில் பிறந்தவன் இன்னான், காலில் பிறந்தவன் இன்னான் என்று விதித்த பழைய கணக்கை நாம் மேடையில் கிழித்தெறிந்துவிட்டோம். வீட்டில் அதைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறோம்.

"கால் நாற்றத்தைப் பற்றி எழுத உமக்கு இலக்கியப் பத்திரிகைதானா கிடைத்தது? சுகாதாரப் பகுதிக்கு அனுப்பிவிடுவதுதானே!" என்று நண்பரொருவர் கேட்டார். அவரும் ஆசிரியர். காணிப் பிரச்சினை இருக்கிறது, காணாமல் ஆக்கப்பட்டோர் பிரச்சினை இருக்கிறது, விலைவாசி இருக்கிறது. இவற்றின் நடுவே இது ஒரு பிரச்சினையா என்பது அவருடைய வாதம். அவர் சொன்னவை யாவும் பெரிய பிரச்சினைகள்தாம். ஆனால் ஒரு பிள்ளையைப் படிப்பிலிருந்து துரத்தக்கூடிய ஒன்றைச் சிறியது என்று யார் நிர்ணயிப்பது? துரத்தப்பட்ட பிள்ளையா, துரத்திய நாமா?

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் நடுவே கனகராயன்குளம் இருக்கிறது. குளமும் வயலும் காடும் சூழ்ந்த பூமி. மாரியில் கால் வைத்த இடமெல்லாம் சேறு. சோளகம் வீசும் மாதங்களில் கால் வைத்த இடமெல்லாம் புழுதி. 1997 இல் தொடங்கிய ஜயசிக்குறு படையெடுப்பும், 2008 இன் பேரிடப்பெயர்வும் அந்த மக்களை மீண்டும் மீண்டும் நடக்க வைத்தன. அவ்வூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, வேறோர் இடத்துப் பாடசாலையில் உயர்தரம் படிக்கும் மாணவியொருத்தியை எனக்குத் தெரியும். பதினான்கு வயதில் அவளுக்கு முழங்காலும் கால்விரல் மூட்டுகளும் வீங்கத் தொடங்கின. விடியற்காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்கா. எண்ணெய் பூசினார்கள், நூல் கட்டினார்கள், கடைசியில் நகரத்து வைத்தியர்கள் பெயரிட்டார்கள். இளம்பருவ மூட்டுவாதம். தன்னெதிர்ப்பு நோய்களில் ஒன்று.

தன்னெதிர்ப்பு என்றால் என்ன? வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தன் சொந்த உறுப்பையே பகையென்று எண்ணித் தாக்குவது. உடல் அப்படிச் செய்யவே அஞ்சும் என்று ஜெர்மானிய விஞ்ஞானி போல் ஏர்லிக் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருதினார். மேதை சொன்னதை மறுக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1956 இல் அமெரிக்காவில் நோயல் றோசும் ஏர்னஸ்ற் விற்றெப்ஸ்கியும் முயல்களில் நடத்திய சோதனையும், அதே ஆண்டில் லண்டனில் டெபோரா டொனியாக் முதலியோர் தைரொயிட் நோயாளரின் இரத்தத்தில் கண்ட உண்மையும் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. இந்த நோயைச் சமுதாயத்துக்கு உவமையாக்கிக் கவிதை எழுத நண்பர்கள் சிலருக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம். நோயாளிக்குத் தேவை உவமையன்று, உலர்ந்த காலுறை.

ஏனெனில் அவளுடைய துன்பம் மூட்டு நோவோடு முடியவில்லை. மூட்டு வீங்கிய விரல்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. இடுக்கில் ஈரம் நிற்கிறது. குனிந்து அந்த இடுக்கைத் துடைக்க முழங்கால் மடங்க வேண்டும், கைவிரலும் மடங்க வேண்டும்; இரண்டும் சில நாட்களில் மறுக்கின்றன. வாரத்துக்கொருமுறை விழுங்கும் மெதோட்ரெக்சேற்றும், நோய் முற்றும்போது கொடுக்கப்படும் ஸ்டீரொயிட் குளிசைகளும் அந்தத் தவறான காவற்படையை அடக்குகின்றன. அடக்கும்போது பங்கசையும் பற்றீரியாவையும் விரட்டும் சக்தியையும் சேர்த்துக் குறைக்கின்றன. ஸ்டீரொயிட் சிலருக்கு வியர்வையையும் மிகுவிக்கும். வேறொரு தன்னெதிர்ப்பு நோயான கிரேவ்ஸ் நோயிலோ, தைரொயிட் சுரப்பி வேகம் கொள்வதால் உடல் முழுவதுமே வெம்மையுற்று வியர்க்கிறது. இந்தக் காலைக் கொண்டுபோய் காலை ஏழு மணிக்கு வெள்ளைக் காலுறையிலும் வெள்ளைச் சப்பாத்திலும் திணித்து, வன்னி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிவரை அடைத்து வையுங்கள். பிறகு கழற்றச் சொல்லுங்கள்!

அப்படித்தான் கழற்றச் சொன்னார்கள். அந்தப் பாடசாலையின் கணினி அறைக்குள் சப்பாத்தோடு போகக்கூடாது. வாசலில் வகுப்பு முழுவதும் சப்பாத்தைக் கழற்றியபோது பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஆசிரியர், "வீட்டில் சவர்க்காரம் வாங்குவதில்லையா?" என்றார். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமிருக்கவில்லை. எல்லாக் கண்களும் ஒரே காலைப் பார்த்தன. அன்றிலிருந்து கணினிப் பாடம் உள்ள நாட்களில் அவள் வருவதில்லை. அடுத்த தவணையில் மற்ற நாட்களிலும் வரவு குறைந்தது. வருகைப் பதிவேட்டில் அதற்கு எழுதப்பட்ட காரணம், சுகவீனம்.

இதைச் சொன்ன ஆசிரியர் கொடியவரல்லர். மாலையில் கூலி வாங்காமல் வகுப்பு நடத்துபவர். இதுபோன்ற பத்திரிகைகளைச் சந்தா கட்டி வாசிப்பவர். அதனாலேயே இதை இங்கே எழுதுகிறேன்.

சவர்க்காரம் பற்றிய அந்தக் கேள்வியின் விஞ்ஞானத்தைச் சற்றுப் பார்ப்போம். உடலிலேயே வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்கால் ஒன்று. அங்கே சுரக்கும் வியர்வைக்கு மணமே கிடையாது. உப்பும் நீரும்தான். தோலில் எல்லா மனிதரிடமும், சவர்க்காரம் போடும் கனவான்களிடமும், வாழும் பற்றீரியாக்கள் அந்த ஈரத்தில் பெருகி, வியர்வையிலுள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவலேரிக் அமிலமாக்குகின்றன. நாற்றம் அதனுடையது. ஈரமும் வெம்மையும் காற்றின்மையும் சேர்ந்த இடத்தில் அது நிகழ்ந்தே தீரும். ஆக, நாற்றத்தை உண்டாக்குவது காலன்று. காலை அடைத்து வைத்த பெட்டி. இன்னொன்றும் உண்டு. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெயிலுக்கு மட்டும் வியர்ப்பவை அல்ல. அச்சத்துக்கும் வெட்கத்துக்கும் வியர்ப்பவை. பரீட்சை மண்டபத்தில் கை ஈரமான அனுபவம் எந்த ஆசிரியருக்கு இல்லை? வாசலில் நிறுத்தி அவமானப்படுத்துகிறவர், தாம் குறை கூறும் அதே வியர்வையைத் தம் வாயாலேயே சுரக்க வைக்கிறார்.

நாற்றமுள்ள கால் நம் நாட்டில் விஞ்ஞான ஆராய்ச்சிக்கு வந்த கதை சுவையானது. 1903 முதல் 1914 வரை கொழும்பு பற்றீரியவியல் நிறுவனத்தில் அல்டோ கஸ்தெலானி என்ற இத்தாலிய வைத்தியர் பணியாற்றினார். வன்னியை நெடுங்காலம் வாட்டிய பறங்கி நோயின் கிருமியை 1905 இல் இலங்கையில் கண்டவர் அவர்தான். 1910 இல் அவர் இன்னொரு நோயை விவரித்தார். மழைக்காலத்தில் வெறுங்காலோடு நடப்பவரின் உள்ளங்காலில், ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள் விழுகின்றன. தோல் வெளுத்து ஊறுகிறது. கெரட்டோமா பிளாந்தாரே சல்காற்றம் என்று நீண்ட பெயரொன்றை அதற்கு இட்டார். இன்று பிற்றட் கெரட்டோலைசிஸ் என்கிறார்கள். பற்றீரியாவால் வருவது, கடும் நாற்றம் உள்ளது, உரிய மருந்து பூசினால் சில வாரங்களில் தீர்வது. வெள்ளைக்கார வைத்தியர் உழவன் காலைக் குனிந்து பார்த்தார், நம் படித்த வர்க்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிற்று என்று இதை வைத்து நான் அவரைப் போற்றப் போவதில்லை. அதே கஸ்தெலானி 1935–36 இல் முசோலினியின் எதியோப்பியப் படையெடுப்பில் இத்தாலிய சேனையின் வைத்தியப் பொறுப்பை ஏற்றார். அந்தச் சேனை கடுகு வாயுவைப் பொழிந்தது, வெறுங்காலோடு போரிட்ட எதியோப்பியர் மீது.

வியட்நாமிலும் இதே கதைதான். 1960 களில் மேகொங் கழிமுகத்து வயல்களில் அமெரிக்கச் சிப்பாய்களின் கால்கள் ஊறி அழுகின. உடனே வைத்தியர்கள் பறந்தார்கள். சப்பாத்தும் காலுறையும் களிம்பும் சோதிக்கப்பட்டன. சிப்பாயை ஏறத்தாழ இரண்டு நாளுக்கு மேல் வயல் நீரில் நிற்க விடலாகாது, பிறகு கால் உலர அவகாசம் தரவேண்டும் என்று முறை வகுத்தார்கள். அந்த வயலில் ஆண்டாண்டாக நின்று நெல் விளைவித்த உழத்திக்கு எத்தனை நாள் அவகாசம் வகுத்தார்கள்? கனகராயன்குளத்தில் காலபோக விதைப்பில் சேற்றுப்புண்ணோடு நிற்பவருக்கு யார் வகுத்தார்கள்? பேரரசின் கால் நாறினால் அது இராணுவப் பிரச்சினை. உழவர் கால் நாறினால் அது அவர்களுடைய குணக்கேடு.

குணக்கேடு என்ற இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் சொந்தச் சரித்திரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியார் மீது 20 ஆம் நூற்றாண்டிலும் சுமத்தப்பட்டிருந்த தடைகளின் பட்டியல் நீண்டது. நல்ல கிணற்றில் நீர் அள்ளக்கூடாது. மேலாடை கூடாது. குடை பிடிக்கக்கூடாது. பஸ் இருக்கையில் அமரக்கூடாது. காலில் செருப்பு அணியக்கூடாது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் தடைகள் தாமாக ஒழிந்துவிடவில்லை. தேநீர்க் கடையிலும், 1968 இல் மாவிட்டபுரம் கோவில் வாசலிலும் மக்கள் அடிபட்டுப் போராடியே அவற்றை உடைக்க வேண்டியிருந்தது. இந்தப் பட்டியலின் முதலையும் முடிவையும் சேர்த்துப் பாருங்கள். நீரை மறுத்தார்கள்; செருப்பை மறுத்தார்கள்; பிறகு "அவர்கள் சுத்தமில்லாதவர்கள், கிட்டே வரலாகாது" என்றார்கள். அசுத்தத்தை உற்பத்தி செய்தவனே அசுத்தத்தைக் கண்டு முகம் சுளித்தான்.

இன்று ஆசாரம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறோம். அதனால் சுகாதாரம் என்கிறோம், ஒழுங்கு என்கிறோம். நேற்று, செருப்பு அணிந்து வராதே என்றது சமுதாயம். இன்று, சப்பாத்து அணியாமல் வராதே என்கிறது பாடசாலை. இரண்டு கட்டளையும் ஒரே குரலில்தான் ஒலிக்கின்றன. எந்தக் கால் எந்த நிலையில் இருக்கிறது என்று குனிந்து பார்க்க அந்தக் குரலுக்கு உரியவருக்கு மனமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மூடிய சப்பாத்து குளிர்நாட்டுக்காரன் உடை. அவன் காலையில் போட்டால் இரவுவரை கழற்றுவதில்லை, வீட்டுக்குள்ளும் நடப்பான், ஆகவே உள்ளே நடப்பது அவனுக்கும் சப்பாத்துக்கும் மட்டும் தெரிந்த இரகசியம். நாம் அவனுடைய சப்பாத்தையும் எடுத்துக்கொண்டோம், நம்முடைய வாசற்படி வழக்கத்தையும் விடவில்லை. வீட்டு வாசலில் கழற்று, கோவிலில் கழற்று, கணினி அறையில் கழற்று! அவியும்படி அடைத்து வைத்து, பிறகு நாளுக்கு நான்கு தரம் திறந்து காட்டச் சொல்லும் இந்த முறையை இங்கிலாந்துக்காரனும் கண்டுபிடிக்கவில்லை, நம் முன்னோரும் கண்டுபிடிக்கவில்லை; நாம்தான் கண்டுபிடித்தோம்.

செய்யத்தக்க காரியம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. மாலையில் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்கை உலரத் துடைக்க வேண்டும். கை எட்டாதவர் தடியொன்றில் மெல்லிய துணியைச் சுற்றித் துடைக்கலாம். பருத்திக் காலுறை வேண்டும். நண்பகலில் ஒருமுறை மாற்ற வேண்டும். சப்பாத்து இரண்டு சோடி இருந்தால் ஒன்று வெயிலில் காயும்போது மற்றது காலில் இருக்கும். மாரியில் பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து ஈரத்தை உறிஞ்ச விடலாம். வியர்வை மிகுந்தால் இரவில் உலர்ந்த காலில் பூச அலுமினியம் குளோரைட் உண்டு. பங்கசுக்கு குளோட்ரிமசோல் களிம்பு உண்டு. அதற்கும் மூத்த, மிக மலிவான விற்ஃபீல்ட் களிம்பு உண்டு. குழி விழும் நோய்க்கு வேறு களிம்பு; எது எந்த நோய் என்று வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும். கடைக்காரர் எடுத்துத் தரும் ஸ்டீரொயிட் கலந்த களிம்பு மட்டும் ஆகாது: இரண்டு நாளில் அரிப்பை அடக்கி, அடியில் பங்கசை வளர்த்துவிடும். இந்தியாவில் இத்தகைய கலவைக் களிம்புகளால் படர்தாமரை தீராநோயாகிப் பரவியதை அங்குள்ள தோல் வைத்தியர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். கால் நோய்க்குப் பயந்து மூட்டுவாதக் குளிசைகளைத் தாமாக நிறுத்துவதும் பேராபத்து.

இத்தனையையும் அந்த மாணவியின் தாய் அறிவாள். கிளினிக்கில் எனக்குச் சொன்னதை விடப் பொறுமையாக அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அறிவு குறையவில்லை. குறைவது எது என்று கேட்டால், இரண்டாவது சோடிச் சப்பாத்து. தகப்பனின் ஒரு நாள் கூலியை அது அப்படியே விழுங்கிவிடும். சீருடைத் துணி 1993 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. சில பாடசாலைகளுக்குச் சப்பாத்து வாங்க வவுச்சரும் பின்னர் வந்தது. ஆனால் வவுச்சர் ஒரு சோடிக்குத்தான். வெயிற்காலத்தில் கிணறு அடி காட்டும்போது குடிக்கவும் சமைக்கவும் போகக் காலுக்கு எத்தனை வாளி மிஞ்சும்? கிளினிக்குக்கு ஒரு நாள் போனால் தாய்க்கு ஒரு நாள் கூலி போயிற்று. 2022 இன் நெருக்கடியில் மருந்துகளே நாட்டில் அற்றுப்போனபோது, வெளியே வாங்கு என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். சேனக பிபிலே என்ற இடதுசாரி வைத்தியப் பேராசிரியர், டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து மருந்துக் கொள்கையை வகுத்து, 1971 இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகி, பன்னாட்டுக் கம்பனிகளின் பகையைச் சம்பாதித்துக்கொண்டது இத்தகைய துண்டு எந்தத் தாயின் கையிலும் வரக்கூடாது என்பதற்காகத்தான். அந்தக் கொள்கை பலவீனப்பட்ட இடைவெளியில், வாசனைத் தூளும் வாசனைத் தெளிப்பும் விளம்பரப் பலகையில் ஏறி நிற்கின்றன. வெட்கத்தை முதலில் விற்று, பிறகு வெட்கத்துக்கு மருந்து விற்பது இலாபமான வியாபாரம்.

"விதியைத் தளர்த்தினால் எல்லாப் பிள்ளைகளும் செருப்போடு வருவார்கள், ஒழுங்கு கெட்டுவிடும்" என்று ஆசிரிய நண்பர்கள் கூறுவர். வரட்டுமே! காற்றோட்டமுள்ள பட்டைச் செருப்பு அணிந்த காலோடு திரிகோண கணிதம் நுழைய மறுக்குமா? ஏழை பணக்காரன் வேற்றுமையை மறைக்கத்தான் சீருடை என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். துணி அதை ஓரளவு மறைத்தது. சப்பாத்து மறைக்கவில்லை. கம்பனிச் சப்பாத்து எது, சந்தைச் சப்பாத்து எது, அண்ணன் போட்டுத் தேய்ந்தது எது என்று முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இன்னொரு சாரார், "நோயாளிக்கு மட்டும் விலக்குக் கொடுப்போம், கடிதம் கொண்டுவரட்டும்" என்பர். அவசரத்துக்கு அதுவும் நல்லதே. ஆனால் வகுப்பில் ஒருத்தி மட்டும் செருப்போடு வந்தால், ஏன் என்று நாற்பது பேர் கேட்பார்கள். தன் நோயை அவள் நாற்பது முறை சொல்ல வேண்டும். விலக்கு அவளுக்கு அன்று; விதி எல்லோருக்கும் மாறவேண்டும்.

இதற்கு மந்திரிசபை கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், பட்டைச் செருப்பும் பாடசாலைக் காலணியே என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். அதிபர் மறுத்தால் வலயக் கல்விப் பணிமனைக்கு ஆசிரியர் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். சம்பள முரண்பாட்டுக்காக 2021 இல் மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடிய சங்கங்களுக்கு ஒரு கடிதம் எழுதப் பலமில்லாமற் போகாது. குழாயடியில் பிள்ளைகள் இருந்து கால் கழுவ ஒரு வாங்கு போடுங்கள். கணினி அறைக்குப் புழுதி வரும் என்றால் வாசலில் ஈரச் சாக்கு ஒன்றை விரித்து, சப்பாத்தோடு உள்ளே விடுங்கள். சாக்கு ஊரில் எந்த நெல் ஆலையிலும் கிடைக்கும்.